கடித்து வைத்த ரொட்டி

அக்-கியா என்ற மலையூரில் லாரி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் பெண்டாட்டி புருல் கையில் ரொட்டியோடு வந்து வழிமறிப்பது தாலாயை மட்டும்தான். பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைக்கு இப்படிச் செய்வது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். போகிறவன் ரொட்டியில் ஒரு கடி கடிப்பான். மிச்சத்தைத் துணியில் கட்டிச் சுவரில் மாட்டி வைப்பார்கள். அவன் திரும்பி வந்து தின்னும்வரை அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் நிலக்கரி ஏற்றப் போய் மறுநாளே வந்துவிடுகிறவனுக்கு எதற்கு இந்தக் கூத்து? ஊரே சிரித்தது. புருலிடம் நேரே கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

“ஏய், பல்லெல்லாம் தேஞ்சு போச்சுடி. இந்தத் தடவை சும்மா மோந்து பாத்துட்டுப் போகட்டா?” என்பான் தாலாய்.

“வாயை மூடிக்கிட்டுக் கடிங்க.”

“வாயை மூடிக்கிட்டு எப்படிடி கடிக்கிறது?”

அவள் சிரிக்க மாட்டாள். அவன் கடித்த பிறகு, பல் பதிந்த பக்கம் மேலே இருக்கும்படி பார்த்துப் பார்த்துக் கட்டி, அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டுவாள். லாரி திரும்பி வந்து நிற்கிறவரை அவள் கண் அந்த ஆணியை விட்டுப் போகாது.

புருல் யாரையும் நம்பாதவள் என்று பெயர் எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு தூர்சுன் சல்லடை கேட்டால், கொடுத்துவிட்டுக் கூடவே போய், அவள் மாவு சலித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று கையோடு வாங்கிக்கொண்டு வருவாள். தாலாய் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், இனி வரவே மாட்டான் என்று முடிவுகட்டி, அவன் சட்டைகளை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிடுவாள். அவன் வந்து தன் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போவான். அப்படியொரு மனுஷன் அவளுக்கு வாய்த்தது ஆண்டவன் புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பிறவிக் குணமில்லை. புருல் ஆறு வயதில் அம்மாவைப் பேருந்து ஏற்றிவிட்டவள். ரஷ்யாவில் வேலை என்று அம்மா புறப்பட்டாள். மாமா வீட்டு வாசலில் ஒரு ரொட்டியைக் கடித்து மகள் கையில் கொடுத்து, “பத்திரமா வச்சுக்கோ. ஆடெல்லாம் குட்டி போடுற சமயத்துல வந்துடுவேன், வந்து மிச்சத்தைத் தின்னுடுவேன்” என்றாள்.

அது பஞ்சகாலம். மாமாவின் பெண்டாட்டி ராபியா அத்தை முதலில் தன் பிள்ளைகளுக்குப் போடுவாள், பானையில் மிஞ்சினால்தான் புருலுக்கு. ஒரு நாள் பசி தாங்காமல் குழந்தை அந்த ரொட்டியின் ஓரத்தைக் கொறித்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பல் பதிந்த இடத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்றுதான் நினைத்தது. கடைசியில் அதுவும் போயிற்று. வெறும் துணியைப் பார்த்த அத்தை, “அடிப்பாவி, உங்க அம்மாவையே தின்னுட்டியேடி! இனி அவ எங்கேருந்து வருவா?” என்றாள்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அத்தை பால் கறக்கப் போய்விட்டாள். ஆனால் ஆடுகள் குட்டி போட்டன, அம்மா வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. குழந்தைக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? தான் தின்றதால்தான் அம்மா வரவில்லை என்று அது நம்பிவிட்டது. கல்யாணமாகி, பெர்மெட் என்றொரு மகளையும் பெற்ற பிறகுகூட அந்த நம்பிக்கை அவளை விடவில்லை. இதை அவள் தாலாயிடம்கூடச் சொன்னதில்லை.

பெர்மெட் பிறந்த சமயத்தில் புருலுக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் கண்டது. குழந்தையைத் தொட யாரையும் விடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் சாலிமா வந்தாள். தபால் நிலையத்தில் தரை துடைக்கிறவள். அவளும் அவள் புருஷன் கனாத்தும் ஈசாவை நம்புகிற கிறிஸ்தவர்கள். அப்படிப்பட்டவர்களை அந்த முஸ்லிம் ஊரில் ‘பாப்டிஸ்ட்’ என்று ஒரே பெயரில் கூப்பிட்டு ஒதுக்கி வைப்பார்கள். கதவு திறக்காததால் சாலிமா வெளியே நின்றே, “சரி, நாளைக்கு வர்றேன்” என்று சொல்லிப் போனாள்.

வருவாளா என்ன? ஆனால் வந்தாள். மறுநாளும் வந்தாள். பனி உருகித் தெருவெல்லாம் சேறான ஒரு நாளில், ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வெறும் கம்பளிக் காலுறையுமாக வந்து நின்றாள். “ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. அதை இழுத்துக்கிட்டிருந்தா நேரமாயிடும்னு விட்டுட்டு வந்துட்டேன்” என்றாள். புருலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தாள். அதன் பிறகு சாலிமா வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் போகத் தொடங்கினாள். ஈசாவைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் முழுக்க நம்புவதா? திரும்பி வரேன் என்று சொல்லிவிட்டுப் போன இன்னொருவர்தானே அவரும்!

மாதத்துக்கு ஒரு ஞாயிறு கனாத் ஈசாவின் நினைவாக ரொட்டியைப் பிட்டு, திராட்சைச் சாற்றோடு எல்லோருக்கும் கொடுப்பான். பிட்ட ரொட்டி தன் கைக்கு வரும்போது புருலுக்கு அதைத் தின்னத் துணிவு வராது. “எனக்கு வயித்துப் புண்ணு” என்று சொல்லித் தட்டை அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். வருஷக்கணக்காக இதே சாக்கு. சாலிமா அதை நம்பி, ஒவ்வொரு தடவையும் அவளுக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சி வைப்பாள். புருல் அந்தக் கஞ்சியைக் குனிந்த தலை நிமிராமல் குடித்துவிட்டு வருவாள்.

அந்த நவம்பரில் தாலாய் தலைநகருக்கு உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போனான். மின்வேலை செய்கிற கனாத்துக்கு அங்கே கம்பி வாங்க வேண்டியிருந்தது. அவனும் வண்டியில் ஏறிக்கொண்டான். வழக்கம்போல் ரொட்டி, கடி, துணி, ஆணி. கனாத் அதைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தான். தாலாய் அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினான்.

திரும்பி வர வேண்டிய நாளில் பனி கொட்டத் தொடங்கியது. கைப்பேசியில் மணியே போகவில்லை. மறுநாளும் அதே கதை. சனிக்கிழமை மத்தியானம், தலையில் முக்காடுகூட இல்லாமல் தூர்சுன் ஓடிவந்தாள்.

“புருல், கேட்டியாடி? கணவாயில பனி சரிஞ்சிடுச்சாம். லாரி அடியில மாட்டிக்கிச்சாம். ஒண்ணா ரெண்டா, யாரோடதுன்னு எதுவும் தெரியல. எங்க அண்ணன் மருமகனும் அந்தப் பக்கம்தான் போயிருக்கான்.” மூச்சு வாங்கியவள் கோபமா அழுகையா என்று தெரியாத குரலில், “உங்க ஈசாகிட்டச் சொல்லேன், ரோட்டைத் திறந்துவிடட்டும்” என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

புருலுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் அண்ணாந்து ஆணியைப் பார்த்தாள். துணி தொளதொளவென்று தொங்கியது.

எழுந்து போய்த் தொட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. உதறினாள். பொடிகூட விழவில்லை. வெறும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தூர்சுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை. மூலையில் பொம்மைக்குச் சடை போட்டுக்கொண்டிருந்த பெர்மெட் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

“நான்தாம்மா தின்னேன். காலையில நீ வெளியே போனப்ப முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். அப்பா கடிச்ச இடத்துல இருந்து தின்னேன். அப்பா எப்ப வருவார்னு இருந்துச்சு, அதான்.”

புருல் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “உங்க அப்பாவைத் தின்னுட்டியேடி! இனி எங்கேருந்துடி வருவாரு?”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அச்சு அசலாக ராபியா அத்தையின் குரல்.

பெர்மெட் அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள். குமட்டியது. மறுபடியும் விட்டாள். தின்றதை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டால் அப்பா வந்துவிடுவார் என்று அந்தக் குழந்தை நினைத்துவிட்டது.

“வேணாம்டி, வேணாம்! ஐயோ, என் கண்ணு, கையை எடு!” புருல் அந்தச் சின்னக் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். ஆறு வயதில் தன்மேல் விழுந்த பாரத்தைத் தன் கையாலேயே எடுத்துத் தன் மகளின் தலையில் வைத்துவிட்டாள். இதைவிட வேறென்ன பயங்கரம் உண்டு? தாலாய் பனிக்கு அடியில் கிடக்கலாம். ஆனால் இங்கே, இந்த அறையில், பெர்மெட் இப்போதே புதைந்துகொண்டிருந்தாள். இவளை இப்போது வெளியே எடுக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க எடுக்க முடியாது என்று புருலுக்குத் தெரியும். அவளைவிட அதை யார் அறிவார்?

“ரொட்டியால ஒண்ணும் ஆகாதும்மா. அம்மா பயத்துல உளறிட்டேன். நீ தின்னதுக்கும் அப்பாவுக்கும் சம்பந்தமே இல்ல.”

“நீதானே கட்டி மாட்டுவே? தொடக்கூடாதும்பே?”

“அது அம்மாவோட பைத்தியக்காரத்தனம். நானும் சின்ன வயசுல எங்க அம்மா கடிச்ச ரொட்டியைத் தின்னுட்டேன். அதனாலதான் அவங்க வரலைன்னு இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

குழந்தை யோசித்தது. “ரொட்டியால இல்லன்னா, உங்கம்மா ஏன் வரல?”

 இந்தக் கேள்விக்குப் பயந்துதான் புருல் இத்தனை வருஷமும் அந்த ரொட்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். தான் தின்றதுதான் காரணம் என்றால் அம்மா நல்லவள், வர ஆசைப்பட்டவள், தடுத்தது ரொட்டி. ரொட்டி இல்லையென்றால்? அம்மா ரஷ்யாவில் கசான் நகரத்தில் வேறொருவரோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று மாமா ஒரு தடவை சொல்லியிருந்தார். புருல் அதைக் காதில் வாங்காத மாதிரியே இருந்துவிட்டாள்.

“வரணும்னு தோணல. அதான் வரல,” என்றாள் மகளிடம். சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெர்மெட் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அடுப்பில் வறட்டி அணைந்து வீடு குளிர்ந்துபோனதை இருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. ரொட்டி பிட்கிற ஞாயிறு. கணவாயிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. புருல் மகளைக் கூட்டிக்கொண்டு சாலிமா வீட்டுக்குப் போனாள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, விரிப்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு முழு ரொட்டி. கனாத்தின் இடம் காலியாக இருந்தது. சாலிமாவின் கண்கள் வீங்கியிருந்தன. அவளும் புருஷனுக்காகக் காத்துக்கிடக்கிறவள்தானே!

“அவரு இல்லாம நான் எப்படி இதைப் பிட்குறது? எனக்குக் கையே வரலை,” என்றாள் சாலிமா.

“அக்கா, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள் புருல். “எனக்கு வயித்துப் புண்ணெல்லாம் கிடையாது.”

சாலிமா நிமிர்ந்து பார்த்தாள். “என்னடி சொல்றே? அப்ப இத்தனை நாளா நான் காய்ச்சின கஞ்சி?”

“குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். புருல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கடித்தது, தான் தின்றது, அத்தை சொன்னது, ஆணி, துணி, நேற்று மகளிடம் சொன்னது, அவள் தொண்டைக்குள் விரலை விட்டது.  இதைக் கேட்டபின் இவர்களும் நம்மை விட்டு விலகிவிடுவார்கள் என்று ஒரு பக்கம் பயம். யாரும் எழுந்து போகவில்லை.

சாலிமா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பிடிபட்ட அன்னிக்கு ராத்திரி ஈசா சீடர்களுக்கு ரொட்டியைப் பிட்டு, தின்னுங்கன்னுதான்டி சொன்னார். நான் வர்ற வரைக்கும் கட்டி மாட்டி வைங்கன்னு சொல்லலையே! தின்னவங்க அத்தனை பேரும் விடியறதுக்குள்ள அவரை விட்டுட்டு ஓடிட்டாங்க. செத்து உயிரோட எழுந்தப்புறமும் அவங்களைத் தேடித்தான் திரும்பி வந்தார்.”

“அவர் வந்தார். எங்கம்மா வரலையே அக்கா.”

“வரலைதான்,” என்றாள் சாலிமா.  கிட்டே நகர்ந்து உட்கார்ந்து புருலின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ரொட்டியை எடுத்துப் பிட்டாள். அது கோணலாகப் பிய்ந்தது.

ஈசாவைச் சொந்த ஆட்களே கைவிட்டார்கள் என்பதைப் புருல் இதே வீட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அதெல்லாம் எங்கோ நடந்த கதை என்றுதான் இருந்தது. இன்றைக்குத்தான் அது அவள் மனசில் தைத்தது. அப்படியானால் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற ஆறு வயசுப் பெண்ணை அவருக்குத் தெரியும். அவரும் அங்கே நின்றவர்தான். ‘என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க’ என்று மனதுக்குள் கேட்டாள். இதுவரை யாரிடமும் அவள் அப்படிக் கேட்டதில்லை. கேட்கிற துணிச்சல் இல்லாமல்தான் சட்டைகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டு அவளிடம் வந்தது. பெர்மெட் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தட்டைத் தள்ளிவிட்டால், நேற்று சொன்னதெல்லாம் பொய்யென்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். தின்றால்? தாலாய் எங்கே கிடக்கிறானோ. இத்தனை வருஷத்துப் பயம் ஒரே நாளில் போய்விடுமா? மொத்தமும் கூடவே உட்கார்ந்திருந்தது.

“பயமா இருக்காம்மா?” என்று ரகசியமாகக் கேட்டாள் பெர்மெட்.

“ரொம்ப பயமா இருக்குடி.”

புருல் துண்டை எடுத்து வாயில் போட்டாள்.  மென்றாள். விழுங்கினாள். குழந்தை அவள் தொண்டையையே பார்த்திருந்து, உள்ளே போனதும் பெரிதாக மூச்சு விட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் லாரி வந்து நின்றது. கணவாய்க்கு இந்தப் பக்கம் வராமலே, சாலைப் பணியாளர்களின் குடிசையில் இருவரும் முடங்கிக் கிடந்திருக்கிறார்கள். கனாத்துக்குக் குளிரில் கால்விரல் கறுத்திருந்தது. மற்றபடி உயிருக்கு ஒன்றுமில்லை. தாலாய் உள்ளே வந்து வழக்கம்போல் ஆணியைப் பார்த்தான்.

“என்னடி, ரொட்டியைக் காணோம்?”

“உங்க பொண்ணு தின்னுட்டா.”

“நல்ல காலம்! கல்லு மாதிரி இருக்கும் அது. சூடா வேற ஏதாவது போடு,” என்றான். புருல் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பனிக்கு அடியில் சிக்கியது தூர்சுனின் அண்ணன் மருமகனின் வண்டிதான். கல்யாணமாகி முதல் குளிர்காலம் அவனுக்கு. துக்கத்துக்குத் தாலாய் குடும்பத்தோடு, இறந்தவனின் ஊரான தோஷ்-புலாக்குக்குப் போனான். முற்றத்தில் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். புருலைக் கண்டதும் ஒரு கிழவி, “பாப்டிஸ்டுக்காரி இங்க எதுக்கு வந்தா?” என்று கேட்டாள். தூர்சுன் நகர்ந்து இடம் விட்டாள்.

விதவையான பெண் இன்னும் சிறுமி மாதிரி இருந்தாள். மடியில் ஒரு துணி முடிச்சு. புருலைப் பார்த்ததும் அவசர அவசரமாக அதை அவிழ்த்தாள். உள்ளே ரொட்டி. ஒரு கடி மட்டும் குறைந்திருந்தது. பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

“அக்கா, தூர்சுன் அத்தை வீட்டுக்கு வந்தப்போ நீங்க செய்யறதைப் பாத்திருக்கேன். அதைப் பாத்துத்தான் நானும் செஞ்சேன். யாரையும் தொட விடலக்கா. எலி வராம நானே காவல் இருந்தேன். ஒரு துணுக்குகூடக் குறையல, பாருங்க. நான் எதுல தப்பு பண்ணேன்?”

புருலுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. தன் பயம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது! அவள் அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீ எதுவும் தப்பு பண்ணலம்மா. ரொட்டிக்கு அந்த சக்தியே கிடையாது. தெரியாம நான்தான் அப்படி நம்பிக்கிட்டிருந்தேன். உன் மேல ஒரு குத்தமும் இல்ல.”

“அப்ப ஏன்க்கா வரல?”

“பனியால வர முடியல. வரணும்னுதான் அவன் கிளம்பினான்.”

பெண் அவள் மடியில் முகம் புதைத்துக் கதறினாள். கொஞ்சம் ஓய்ந்த பிறகு, “உடனே போயிடுவீங்களா?” என்று கேட்டாள்.

“போகல. இங்கதான் இருக்கேன்.”

நாளைக்குத் தாலாய் மறுபடியும் நிலக்கரி ஏற்றப் போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் வண்டி வீடு போய்ச் சேர வேண்டும். புருல் பெர்மெட்டைக் கூப்பிட்டு, அப்பாவைக் கிளம்பச் சொல் என்றும், நீயும் அவரோடு போ என்றும், காலையில் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாள். வெளியே இன்ஜின் உறுமியது. அந்தச் சத்தம் தேய்ந்துகொண்டே போனபோது, நாளைக்கு அவன் ரொட்டி கடிக்காமலே புறப்படுவான் என்ற பயம் அவளைப் பிடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.